மதுரையிற் பிறந்த தர்க்க அறிஞர் டி மார்கன்

விடுமுறை வந்ததும் மில்லர்புரத்து விடுதியை விட்டு மதுரைக்குப் புகைவண்டி ஏறும் நம் கல்லூரி மாணவர் பலர். அங்கே மீனாட்சியம்மை கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் கண்டு களித்து மீள்வர். அந்நகரிற் பிறந்த ஓர் ஆங்கிலேயர் பெயர், நம்முள் கணிதமும் கணிப்பொறி நூலும் பயில்வோர் ஏடுகளிலெல்லாம் ஆண்டுதோறும் எழுதப்பட்டு வருகின்றது. டி மார்கன் விதிகள் என்று மனப்பாடஞ் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். அவர் யாவர், எவ்வூரினர் என்று வினவுவார் இலர். தமிழ் பயிலும் யானும், நண்பனொருவன் கணித ஏட்டைப் புரட்டியபொழுதே அப்பெயரை முதன்முதற் கண்டேன். தேடிப் படித்த பின்பு, அவ்விதிகளினும் அவற்றைத் தந்தவருடைய வாழ்க்கையே என்னை மிகுதியும் கவர்ந்தது.

அகஸ்டஸ் டி மார்கன் 1806ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் ஜான் டி மார்கன், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு ஐந்தாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. குழந்தை பிறந்த பதின்மூன்றாம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். இத்தகைய கொந்தளிப்பினிடையே பிறந்த குழந்தைக்குப் பிறந்த சின்னாட்களிலேயே கண்ணோய் கண்டு ஒரு கண் பார்வையிழந்தது. ஏழு திங்கட் குழந்தையாயிருக்கையிற் பெற்றோர் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அதன்பின் அவர் இந்நாட்டை மீண்டுங் கண்டிலர். ஆயினும் தாம் ஆங்கிலேயரும் அல்லர், ஸ்காத்லாந்தியரும் அல்லர், ஐரிஷ்காரரும் அல்லர், எதனோடும் ஒட்டாத ஒரு பிரித்தானியர் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளுவாராம். ஒட்டாதவர் என்ற அச்சொல் பிற்காலத்தில் அவர் வாழ்க்கை முழுமைக்கும் பொருந்துவதாயிற்று.

தந்தையார் மறுபடியும் இந்தியாவுக்கு வந்து, 1816இல் தாயகம் திரும்புங் கடற்பயணத்தில் இறந்தார். பத்து வயதுச் சிறுவரை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயாரைச் சார்ந்தது. அவ்வம்மையார் ஆழ்ந்த பக்தியுடையவர். மகனைக் குருவாக்கிவிட வேண்டுமென்பது அவர் விருப்பம். அதன்பொருட்டுச் சிறுவர் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. பிரிஸ்டல் நகரில் பள்ளி மாணவர் அமரும் ஆலய இருக்கையில், பிரசங்கம் நடந்துகொண்டிருக்கையிலேயே, காலணிக் கொளுவியின் கூர்முனையால் பலகையைக் குத்திக் குத்தி யூக்ளிடின் வடிவங்களையும் சமன்பாடுகளையும் பொறித்து வைத்தார் என்பர். ஆலயத்திற் பின்வரிசையில் அமரும் நம்மவருட் சிலர்க்கு இச்செய்தி ஆறுதலளிக்கக் கூடும்! ஒரு கண் இல்லாமையால் விளையாட்டுக்களிற் சேரவியலாது, உடன் பயின்றோர் செய்த குறும்புகளுக்கும் ஆளாகி, அவர் ஏடுகளையே துணையாகக் கொண்டார். ஏறக்குறையப் பதினான்கு வயதில், அளவுகோலுங் கவராயமுங் கொண்டு யூக்ளிடின் படமொன்றை அழகாக வரைந்துகொண்டிருந்தவரைக் குடும்ப நண்பர் ஒருவர் கண்டு, படத்தின் அழகன்று, அதனால் நிரூபிக்கப்படுவதே பொருளென்று விளக்கினாராம். அன்று தொட்டு நிரூபணம் என்பதே அவர்க்கு உயிராயிற்று.

1823இல் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்தார். பாடத்தை விட்டுப் பிற நூல்களில் உலாவுவதும் குழலூதுவதும் அவர்க்கு வழக்கம். ஆகவே 1827ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் எதிர்பார்த்த முதலிடம் வாராது நான்காமிடம் வந்தது. அதனாற் குறைவொன்றுமில்லை. குறை நேர்ந்தது வேறோரிடத்தில். அக்காலத்து அப்பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெறவும் கல்லூரியின் உறுப்பினராய் ஊதியம் பெறவும், இங்கிலாந்துத் திருச்சபையின் 39 மார்க்கப் பிரமாணங்களுக்கு இசைந்து கையெழுத்திடல் வேண்டும். டி மார்கன் இடமாட்டேன் என்றார். தாயார் வருந்தினார், நண்பர் வற்புறுத்தினர், கேம்பிரிட்ஜில் அவர்க்கு எதிர்காலம் அத்துடன் முடிந்தது.

லண்டனிற் சட்டம் பயிலத் தொடங்கினார், மனஞ் செல்லவில்லை. அப்பொழுதுதான், மதச் சோதனை யாதுமின்றி எல்லார்க்குங் கல்வி அளிப்பதற்கென 1826இல் நிறுவப்பட்டிருந்த லண்டன் பல்கலைக்கழகம் ஆசிரியர்களைத் தேடிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் யூனிவர்சிட்டி கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. 1828இல், தம் இருபத்தொன்றாம் வயதில், அவர் அதன் முதற் கணிதப் பேராசிரியரானார். மூன்றாண்டுகள் சென்றன. உடற்கூற்றுப் பேராசிரியரைக் காரணங் காட்டாது நிருவாகத்தினர் விலக்கியபொழுது, அவர் தம் பதவியைத் துறந்தார். 1836இற் பின்வந்த பேராசிரியர் நீரில் மூழ்கி இறக்கவே, கல்லூரிக்கு உதவும்பொருட்டு மீண்டும் வந்து, அதன்பின் முப்பது ஆண்டுகள் கற்பித்தார். சில்வெஸ்டர், டாட்ஹன்டர், ஜெவன்ஸ் முதலியோர் அவர் மாணவர். பாபேஜின் கணிப்புப் பொறியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற லவ்லேஸ் சீமாட்டிக்கும் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கடித வாயிலாகக் கணிதங் கற்பித்தவர் இவரே. 1837இல் அவர் மணந்த சோபியாவின் தந்தையார் வில்லியம் பிரெண்டும், மதக் கருத்துப்பற்றி வெளியிட்ட ஒரு நூலால் 1793இற் கேம்பிரிட்ஜினின்று விலக்கப்பட்டவர்; மாமனும் மருகனும் பொருத்தமாகவே வாய்த்தனர்.

இனி அவர் தர்க்க நூலுக்குச் செய்த தொண்டினைக் காண்போம். மணிமேகலையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அளவை நெறியை விரிப்பதை நாம் படித்திருக்கின்றோம். மேனாட்டில் அரிஸ்டாட்டில் வகுத்த நெறியே இரண்டாயிரம் ஆண்டுகள் ஆட்சி செய்தது. எல்லாம், சில, ஒன்றுமில்லை என்னும் அளவுச் சொற்களைக் கொண்டே அந்நெறி இயங்கும். டி மார்கன் அதன் எல்லையைக் காட்டினார். முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் நம் துறையிலிருந்து 100 தோணிகள் புறப்பட்டனவென்று கொள்வோம். 60 தோணிகளில் முத்துச்சிப்பியும் 70 தோணிகளிற் சங்கும் வந்தனவென்றால், குறைந்தது 30 தோணிகளில் இரண்டும் வந்திருத்தல் வேண்டும். சிறு பிள்ளையும் இதனை ஒப்பும். ஆனாற் சிலவற்றில் சிப்பி, சிலவற்றிற் சங்கு என்று மட்டும் பேசத்தெரிந்த பழைய அளவையால் இம்முடிவைப் பெற இயலாது. மற்றொன்று: சங்கெல்லாம் கடல்வாழ் உயிர், ஆகவே சங்கின் ஓட்டை உடைத்தவன் கடல்வாழ் உயிர் ஒன்றின் ஓட்டை உடைத்தவனே. இதுவும் பழைய நெறியில் அடங்காது. அவர் இதனை விலங்கின் தலையை வைத்து விளக்கினார். யான் நம் கடற்கரைக்கேற்ப மாற்றிக்கொண்டேன். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள தொடர்பையே ஆராயும் தர்க்கத்தை 1860இல் அவர் தொடங்கிவைத்தார். அதற்கு முன்னரே, 1847இல், அவருடைய முறைத் தர்க்க நூல் வெளிவந்தது. ஜார்ஜ் பூலின் முதல் தர்க்க நூலும் அதே ஆண்டிலே தோன்றியது. எடின்பரோ பேராசிரியர் ஹாமில்டனுக்கும் டி மார்கனுக்கும் எழுந்த பூசலே பூலை அத்துறையில் எழுதத் தூண்டியது. பூசலாலும் உலகிற்கு நன்மை விளைவதுண்டு போலும்.

அவர் பெயரால் வழங்கும் விதிகள் இரண்டும் மிக எளியன. தோணியிற் சிப்பியாவது சங்காவது வந்தது என்பது பொய்யெனின், சிப்பியும் வரவில்லை, சங்கும் வரவில்லை என்பது பொருள். சிப்பி, சங்கு இரண்டுமே வந்தன என்பது பொய்யெனின், சிப்பி வரவில்லை அல்லது சங்கு வரவில்லை என்பதே பொருள். இரண்டும் வரவில்லை என்பதன்று. பதினான்காம் நூற்றாண்டில் ஓக்கம் முதலியோர் இதனைச் சொற்களால் அறிந்திருந்தனர். குறியீட்டுக் கணக்காக்கி எவரும் கையாளும்படி செய்தவர் டி மார்கன். இரண்டாவது விதியை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அதற்கு வேலையிருக்கின்றது.

நிரூபணம் கணக்காயின், கணக்கைப் பொறியும் செய்யலாமன்றோ? இதனை முதலிற் செய்து காட்டியோருள் அவர் மாணவர் ஜெவன்சும் ஒருவர். கட்டைகளை அழுத்தினால் முடிபு தோன்றும் ஒரு தர்க்கப் பியானோவை அவர் செய்வித்து, 1870இல் ராயல் சங்கத்தார் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்து, 1965இல், ஆலன் ராபின்சன் என்பார் கணிப்பொறிக்கு ஏற்ற ஒரே விதியை வகுத்தார். அதனைத் தீர்மான விதி எனலாம். தோணி கடலுக்குப் போயிற்று அல்லது கரையில் நிற்கின்றது என்பது ஒரு வாக்கியம். தோணி கடலுக்குப் போகவில்லை அல்லது மீனவர் வீட்டில் இல்லை என்பது மற்றொன்று. தோணி கடலுக்குப் போயிற்று என்பது ஒன்றில் உடன்பாடாகவும் மற்றதில் எதிர்மறையாகவும் நிற்றலின், அவ்விரண்டையும் அடித்துவிட்டு, தோணி கரையில் நிற்கின்றது அல்லது மீனவர் வீட்டில் இல்லை என்று முடிக்கலாம். பொறி செய்வது இவ்வளவே. நிரூபிக்க வேண்டியதன் மறுப்பை முற்கூற்றுக்களோடு சேர்த்துவிட்டு, இவ்வாறு அடித்துக்கொண்டே செல்லும். ஒன்றும் எஞ்சாத வெறுமை வந்தால் மறுப்பு நில்லாதென்பதும், மூலக்கூற்று மெய்யென்பதும் பெறப்படும். ஆனால் இதற்கு முன் வாக்கியங்களையெல்லாம் அல்லது என்ற சொல்லாற் கோத்த சிறு தொடர்களாகப் பிரித்தல் வேண்டும். அடைப்புக்கு வெளியே நிற்கும் மறுப்பை உள்ளே தள்ளுவதற்குத் துணை செய்பவை டி மார்கன் விதிகளே.

இவ்விதிகள் எவ்விடத்துஞ் செல்லுமோவெனின், செல்லா. நம் ஊர் உதாரணமே சொல்லுவேன். முத்துக்குளிப்புக் காலத்திற் சிப்பிகளைத் திறவாமலே ஏலம் விடுவது வழக்கமாயிருந்தது. மூடிய இரு சிப்பிகளுள் இரண்டிலுமே முத்து இராதென்று ஒருவாற்றான் அறிந்துகொண்டோம் என வைத்துக்கொள்வோம். அஃதாவது, முத்து இரண்டிலும் சேர்ந்து இருத்தல் இயலாது. டி மார்கன் விதிப்படி, இதில் முத்தில்லை அல்லது அதில் முத்தில்லை எனலாம். எதில் என்று கேட்டால் நமக்கு விடை தெரியாது. டச்சுக் கணித அறிஞர் பிரௌவரும், 1930இல் அவர் கொள்கையை விதிகளாக்கிய ஹைட்டிங்கும், எதுவென்று காட்ட இயலாதவன் அல்லது என்று சொல்லும் உரிமை பெற்றவனல்லன் என்றனர். சிப்பியாயின் திறந்து பார்த்துவிடலாம். கணிதத்திலோ திறக்கவியலாச் சிப்பிகள் பலவுள. ஆகவே அவர்தம் உள்ளுணர்வுத் தர்க்கத்தில் முதல் விதி முழுமையாய் நிற்க, இரண்டாம் விதி ஒரு பாதியை இழக்கின்றது. மறுப்பைச் சேர்த்து வெறுமை கண்டு மூலத்தை நிலைநாட்டும் வழியும் அங்கே அடைபட்டுப் போகின்றது. பின்பு ராபின்சனுடைய பொறிக்கு அங்கு வேலையில்லையோ எனின், உண்டு. மறுப்பை உள்ளே தள்ளாது, வாக்கியத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் புதுப்பெயரிட்டு, அப்பெயர்களுக்கிடையே தீர்மானத்தை நடத்தும் முறையை ருஷ்யாவிற் பயின்ற கிரிகோரி மின்ட்ஸ் 1980களின் இறுதியில் விளக்கினார். மெய், பொய், இரண்டும், இரண்டுமன்று என நான்கு நிலை கொள்ளும் தர்க்கங்களும் உள. சமணர் கூறும் ஏழு வகை உண்மையையும், பௌத்தர் கூறும் நான்கு கோடிகளையும் கற்ற தமிழ் மாணவர்க்கு இவை புதுமையாய்த் தோன்றா. இந்நான்குநிலைத் தர்க்கத்தில், ஒன்று உண்டு அல்லது இல்லை என்னும் பழைய கட்டளை பொய்த்துவிடினும் டி மார்கன் விதிகள் இரண்டும் பொய்யாது நிற்கின்றன. அத்தகைய கணிதக் கட்டமைப்புக்கு டி மார்கன் இயற்கணிதம் என்றே பெயர்.

நில வரைபடத்துக்கு நான்கு நிறங்கள் போதுமா என்ற வினாவை 1852 அக்டோபர் 23ஆம் நாள் ஒரு மாணவர் டி மார்கனிடங் கேட்டார். அன்றே அவர் டப்ளினிலிருந்த ரோவன் ஹாமில்டனுக்கு அதை எழுதியனுப்பினார். (முன்பு பூசலிட்ட ஹாமில்டன் வேறு, இவர் கணித அறிஞர், நண்பர்.) 1976இல் ஆப்பெல், ஹாக்கன் இருவரும் கணிப்பொறியின் துணையால் அதனை நிரூபித்தனர். பொறியை நம்பலாமா என்ற ஐயத்தைத் தீர்க்க, 2005இல் கோந்தியே என்பார் கோக் என்னும் நிரூபணத் துணைப் பொறியால் அதனை முழுதும் சரிபார்த்தார். அப்பொறிக்கு அடிப்படையாக அமைந்தது மேற்கூறிய உள்ளுணர்வுத் தர்க்கமே.

தர்க்கத்தில் நெடுந்தூரம் போய்விட்டோம். அவர் வாழ்க்கைக்கு மீள்வோம். பிறந்த நாட்டை அவர் மறவாமைக்கு ஒரு சான்று உண்டு. டில்லிக் கல்லூரி ஆசிரியர் இராமச்சந்திரர், நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தாலேயே பெரும, சிறும அளவுகளைக் காணும் முறையை எழுதி 1850இற் கல்கத்தாவில் வெளியிட்டார். ஆங்குள்ளார் ஏளனஞ் செய்தனர். நூற்படி டி மார்கன் கையை அடைந்தது. இந்தியருக்கு இயற்கணிதத்தில் இயல்பாய் அமைந்த ஆற்றலை வளர்த்தலே அவர்க்கேற்ற கல்வியென்று கருதி, கம்பெனி இயக்குநரை இணங்குவித்து, தாமே முன்னுரை எழுதி 1859இல் லண்டனில் மறுபதிப்புச் செய்வித்தார். அவ்விராமச்சந்திரர் 1852இல் ஞானஸ்நானம் பெற்று, 1857ஆம் ஆண்டுக் கலகத்தில் கிறிஸ்தவரென்பதனாலேயே டில்லியை விட்டு ஓடி உயிர் தப்பியவர். விசுவாசத்தை வெளிப்படுத்தியதால் ஒருவர் உயிர்க்கு அஞ்சி ஓடினார். வெளிப்படுத்தாமையால் மற்றவர் பதவியிழந்தார். அவ்விருவர் பெயரும் ஒரே நூலின் முகப்பில் நிற்கின்றன.

39 பிரமாணங்களுக்கு இசையாமையால் டி மார்கனை அவிசுவாசி என்றாரும் இருந்தனர். இங்கேதான் இரண்டாம் விதியை நினைவுகூர்தல் வேண்டும். முப்பத்தொன்பதும் ஒருங்கே மெய்யென்று கையெழுத்திட ஒருவன் மறுத்தால், அவன் முப்பத்தொன்பதையும் மறுத்தான் என்று கொள்ளுதல் அறியாமை. ஏதோ ஒன்று அவனுக்கு உடன்பாடன்று என்பதற்கு மேல் ஒன்றும் பெறப்படாது. அவ்வொன்று எதுவென்பதும் பெறப்படாது. கையெழுத்திடாமை மறுப்பே ஆகாது, இன்னும் திறவாத சிப்பி என்று பிரௌவரின் மாணவர் சொல்லக் கூடும். டி மார்கன் இங்ஙனம் எழுதினாரல்லர். இஃது என் கருத்து மட்டுமே. ஆயினும் அவர் விதியைக் கற்ற பின் அவரை அவிசுவாசி என்பார்க்குத் தேர்வில் மதிப்பெண் கிடையாது.

1866இல் யூனிவர்சிட்டி கல்லூரியிற் தர்க்கமும் மனநூலும் கற்பிக்க ஜேம்ஸ் மார்ட்டினோ என்பார் விண்ணப்பித்தார். அவர் யூனிட்டேரியன் சபைக் குரு என்பதனால் நிருவாகத்தினர் அவரைத் தேர்ந்திலர். மதச் சோதனையில்லாக் கல்லூரி என்ற அடிப்படையே சிதைந்ததென்று டி மார்கன் மீண்டும், இறுதியாக, பதவி துறந்தார். அப்பொழுது அவர்க்கு வயது அறுபது. பழைய மாணவர்கள் அவர் உருவத்தைக் கல்லூரியில் நிறுவ விரும்பி இசைவு வேண்டினர். தாம் பணியாற்றிய கல்லூரி இப்பொழுது இல்லையென்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். இம்மறுப்பு எனக்குச் சற்றுக் கடுமையாகவே தோன்றுகின்றது. மாணவர் செய்த குற்றம் யாது? ராயல் சங்கத்தில் உறுப்பினராதற்கும், எடின்பரோ அளிக்க முன்வந்த பட்டத்துக்கும் அவர் இணங்கவில்லை. மறுத்து மறுத்தே பழகியவர்க்கு ஏற்றல் கடினமாயிற்றுப் போலும். 1865இற் தோன்றிய லண்டன் கணிதச் சங்கத்தின் முதல் தலைமையை மட்டும் ஏற்றார். அதனைத் தோற்றுவித்தோருள் அவர் மகன் ஜார்ஜ் ஒருவர். அம்மகன் 1867இல் இறந்தார். 1870இல் ஒரு மகளும் இறந்தாள். அதன்பின் தந்தையார் எழுந்திலர். 1871 மார்ச் 18ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற மரணசாசனத்தில் ஒரு பகுதியுண்டு. தம் எதிர்காலத்தை இயேசு கிறிஸ்துவின் பிதாவாகிய தேவனிடம் நம்பிக்கையோடு ஒப்புவிப்பதாகவும், இயேசுவைத் தேவகுமாரனென்று தம் இருதயத்தில் விசுவாசிப்பதாகவும், எனினும் வாயினால் அதை அறிக்கையிட்டதில்லையென்றும், தம் காலத்தில் அவ்வறிக்கை உலகில் மேலேறுதற்குரிய படியாகவே இருந்தமை அதற்குக் காரணமென்றும் எழுதியிருந்தார். ரோமர் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தை உளத்திற்கொண்டே இதனை எழுதினார் என்பது வெளிப்படை. வாயின் அறிக்கையும் வேண்டுமென்று கற்பிக்கப்பட்டு வளர்ந்த யான், அவர் செய்ததை முழுதும் ஒப்பவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் எல்லாரோடும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணஞ் சொல்லும்பொழுது, யான் சொல்லும் வாக்கியம் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி நோக்கும் வழக்கம், இக்கட்டுரைக்காக அவர் வரலாற்றைப் படித்த நாள் முதல் எனக்கு உண்டாகியிருக்கின்றது.

அவர் இறந்து மூன்று திங்கள் கழியுமுன், 1871 ஜூன் 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, டர்ஹம் பல்கலைக்கழகங்களில் அம்மதச் சோதனையைப் பெரும்பாலும் ஒழித்த சட்டம் நிறைவேறிற்று. அவர் சேர்த்திருந்த நூல்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டன. ஓவர்ஸ்டன் பிரபு அவற்றை வாங்கி லண்டன் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். ஓரங்களில் அவர் தம் கையால் எழுதிய குறிப்புக்களோடு அவை இன்றும் அங்கேயுள்ளன.